முன்னாள் மேனேஜர்கள்

"அந்த அத்தியாயத்தை அப்படியே எடுத்துடும்மா. வெள்ளி விழா மலர்ல பழைய மேனேஜர்களுக்கு என்ன வேலை?"

மேனேஜருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. காலையில் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்தே அப்படித்தான். இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுக்கெல்லாம் பலன் வந்துவிட்டது, விழா மேடையில் தன்னைப் பங்குதாரராக அறிவிக்கப் போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். மலரில் தன் படம் நடுநாயகமாக வரவேண்டிய நேரத்தில், தனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்த நாலு பேரின் கதை எதற்கு?

எதிரே இருந்த பெண் மசியவில்லை. வரலாறு படித்தவள். மலரை எழுதுவதற்கென்றே அமர்த்தப்பட்டு, இரண்டு மாதமாகத் தொழிற்சாலையைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தாள். அந்த நாலு பேரையும் வீடு தேடிப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தாள். அவர்கள் இல்லாத மலரில் தன் பெயரும் வேண்டாம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டாள்.

மேனேஜருக்குச் சுருக்கென்றது. மகன் வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது பேசிய வசனத்தை மறுபடியும் எடுத்துவிட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. அதைப் படிச்சு என்னம்மா ஆகப்போகுது? இன்னைக்கு என்ன நடக்குது, அதைப் பாரு."

"அது புரியணும்னுதான் சார் படிக்கிறோம். தனியாப் பார்த்தா எல்லாமே புதுசாத்தான் தெரியும். இங்கே எல்லா அறைக் கதவுலயும் பேர் இருக்கு. உங்க கதவுல மட்டும் வெறுமனே 'மேனேஜர்'னு இருக்கே, ஏன்?"

அது பதவிக்குக் கொடுக்கிற மரியாதை என்று மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மாற்றி மாற்றி எழுதி அலுத்துப்போய், மூன்றாவது மேனேஜர் போனதோடு பெயர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்களாம்.

மேனேஜர் அதற்கும் அசரவில்லை. அவர்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை, அவ்வளவுதான் என்று கையை வீசினார். சிவப்புப் பேனாவைத் திறந்து, அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடும் இழுத்தார்.

"அடிக்கிறதுன்னா அடிங்க சார். ஆனா ஒண்ணு. அந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. நாலு பேரும் சொன்னது ஒரே கதை. முதலாளி வருஷக்கணக்கா 'வாடா, போடா'ன்னு திட்டிக்கிட்டே இருந்திருக்கார். ஒருநாள் திடீர்னு 'வாங்க, உட்காருங்க, காபி சாப்பிடறீங்களா'ன்னாராம். பதவி உயர்வுதான்னு ஒவ்வொருத்தரும் வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லியிருக்காங்க. அந்த வாரக் கடைசியிலேயே நாற்காலியில வேற ஆள்."

மேனேஜர் பேனாவை மூடினார். மேஜை மேலிருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அவருக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று அவளுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று சங்கடமாகக்கூட இருந்தது.

"அத்தியாயம் இருக்கட்டும்மா," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "காலையில எனக்கு காபியோட பிஸ்கட்டும் வந்துச்சு. அந்த நாலு பேர்ல இப்ப நல்ல கம்பெனியில இருக்கிறது யாரு?"