தொய்ந்த நட்சத்திரம்

"இழுடா! இன்னும் இழு! காலையில சாப்புடலையா?"

பத்திநாதன் கத்தினார். சுஜீவன் அலவாங்குக் கடப்பாரையைக் கொடுத்துக் கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினான். டோரீன் அக்காவின் காம்பரா வீட்டு வாசல் தூண் 'கிர்ர்' என்றது. கூரைத் தகரத்திலிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது.

டோரீன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "ஐயோ, நிப்பாட்டுங்க! கூரையே அந்தத் தூண்லதான் நிக்குது. கீழ புள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கேன்!"

"நத்தார் நட்சத்திரத்துக்கு ஒரு தூணைக் குடுக்க மனசு வரல பாரு," என்றாள் வேடிக்கை பார்க்க நின்ற யூஜினா. கூட்டத்தில் ரெண்டு மூணு பேர் 'உச்' கொட்டினார்கள்.

விஷயம் இவ்வளவுதான். கோயில் சுவரிலிருந்து எதிர் லயத்து வீட்டு வரிசையில் டோரீனின் தூணுக்கு ஒரு கம்பி. நடுவில் கிறிஸ்து பிறப்புக்காக இரும்புச் சட்டத்தில் செய்த நட்சத்திரம். ஈரத் தேயிலைக் கொழுந்து அடைத்த சாக்கு மாதிரிப் பாரம். அது ஒரு விரல்கூடத் தொய்யக்கூடாது என்பது கோயில் கமிட்டித் தலைவர் பத்திநாதனின் கட்டளை. போன வருசம் தொய்ந்ததைப் படம் பிடித்து தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவுப் பயல்கள் பேஸ்புக்கில் போட்டுச் சிரித்துவிட்டார்கள்.

"தலைவரே, பாரம் தொங்குற கம்பியை நேரா நிமித்தவே முடியாதுங்க," என்றான் சுஜீவன்.

"யாரு சொன்னா?"

சுஜீவன் சோக்குக் கட்டியை எடுத்துக் கோயில் முற்றத்துச் சீமெந்தில் நேராக ஒரு சாண் கோடு போட்டான்.

"இது நட்சத்திரத்தோட பாரம். கம்பி ரெண்டு பக்கமும் எப்பிடிச் சாய்ஞ்சிருக்கோ அதே சாய்வுல, இதோட மேல் முனையிலருந்து ஒரு கோடு, கீழ் முனையிலருந்து ஒரு கோடு. ரெண்டும் எவ்வளவு தூரம் போய்ச் சந்திக்குதோ, அவ்வளவு இழுவை தூண் மேல."

குனிந்தபடியே ரெண்டு கோடுகளையும் இழுத்துக்கொண்டு போனான். முற்றம் முடிந்தது. ஓரத்துச் சாக்கடைக் கான் வந்தது. கோடுகள் சந்திக்கவில்லை.

"பாத்தீங்களா? ஒரு சாண் பாரத்துக்குக் கான் வரைக்கும் இழுவை. இன்னும் முறுக்குனா ரோட்டுக்குப் போவணும். தொய்ய விட்டா முக்கோணம் கைக்குள்ள அடங்கிரும்."

பத்திநாதன் கோட்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"கோடு சந்திக்கலன்னா உனக்குக் கணக்கு வரலன்னு அர்த்தம்டா. அதான் எஸ் எடுத்துட்டு வந்து நிக்கிற."

எல்லாரும் சிரித்தார்கள். உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதத்துக்கு எஸ், அதாவது கடைசித் தேர்ச்சி, எடுத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பது உண்மைதான். சுஜீவன் சோக்குக் கட்டியைச் சட்டைப் பையில் போட்டான்.

"நான் போய் பாதரைக் கூட்டிட்டு வர்றேன். வர்றப்ப கம்பி ஸ்கேல் வச்ச மாதிரி நிக்கணும்," என்றார் பத்திநாதன்.

அவர் ஏறிய வான் வண்டி திருப்பத்தில் மறைந்ததும் சுஜீவன் அலவாங்கை எதிர்ப்பக்கம் திருப்பினான். முறுக்கு அவிழ அவிழ நட்சத்திரம் இறங்கி, ஆள் தலைக்கு மேலே ஒரு முழத்தில் நின்றது. தூணின் முனகல் அடங்கியது.

"தலைவர் உன் தோலை உரிக்கப் போறாரு," என்றாள் யூஜினா, ஆசையோடு.

வான் திரும்பி வந்தது. பத்திநாதன் இறங்கினார். நட்சத்திரத்தைப் பார்த்ததும் கத்துவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் பாதர் பேசிவிட்டார்.

"அட! எல்லாத் தோட்டத்துலயும் நட்சத்திரம் எட்டாத ஒயரத்துல மெதக்குது. இங்க மட்டும் குனிஞ்சு நம்மளைப் பாக்குது! தொழுவத்துல பொறந்தவரு லயத்து வாசலுக்கே எறங்கி வந்த மாதிரி. யாரோட யோசனை இது?"

திறந்த வாயைப் பத்திநாதன் வீணாக்கவில்லை.

"நான்தாங்க பாதர். பணிவா இருக்கட்டும்னு தாழ்வாக் கட்டச் சொன்னேன். இனிமே வருசா வருசம் இப்பிடித்தான். கமிட்டி முடிவு."

பாதர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் கைதட்டியது. யூஜினா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள்.

டோரீன் அக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. சுஜீவனை விலாவில் இடித்தார்.

"வாயில என்னடா, கொழுக்கட்டையா? முன்னுக்குப் போய் உண்மையைச் சொல்லு!"

"சும்மா இருங்கக்கா. நான் எறக்குனதுன்னா நாளைக்கே இழுத்துக் கட்டிருவாரு. அவரு எறக்குனதுன்னா ஒருத்தனும் தொட மாட்டான்."

"அதுக்காக? பொய் சொல்லுறாருடா! போய்ச் சொல்லு!"

சுஜீவன் போகவில்லை. நின்ற இடத்திலேயே, யூஜினாவை விடச் சத்தமாகக் கைதட்டினான்.