பொட்டு தொடாத கஞ்சி

ஆய்வுக்கூடத்துப் பன்றி செவலைக்கு வேறொரு பன்றியின் குடலைப் பொருத்தியிருந்தார்கள். ஒரு வாரத்தில் வயிறு வலித்தது. தெரிந்தால் மறுபடி ஊசி போடுவார்களே என்று பயந்து, செவலை தன் கஞ்சியைப் பக்கத்துக் கூண்டுப் பன்றி பொட்டுவிடம் தள்ளியது.

"எனக்குப் பசியில்லடி, நீ சாப்பிடு."

பொட்டு இரண்டு வேளை சாப்பிட்டது. மூன்றாம் வேளை செவலை நிற்க முடியாமல் தள்ளாடியதைப் பார்த்ததும் பொட்டுவுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

"அக்கா, இதை நான் தொடமாட்டேன். டாக்டர் பார்க்கட்டும்."

"காட்டிக் கொடுக்காதடி!"

பொட்டு கூண்டு அதிரக் கத்தியது. ஓடிவந்த டாக்டர், செவலையின் தட்டில் மிஞ்சிய கஞ்சியையும் அதன் தள்ளாட்டத்தையும் பார்த்துவிட்டு, அதன் குடலில் துளி சதை எடுத்துச் சோதித்தார். செவலையின் உடம்பு புதுக் குடலை ஏற்க மறுக்கத் தொடங்கியிருந்தது.

"நல்லவேளை, ஆரம்பத்திலேயே தெரிஞ்சுது" என்று மருந்தைக் கூட்டினார்.

நாலு நாள் செவலை பொட்டுவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் தட்டை நக்கித் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கேட்டா கொடுப்பாங்களாடி?" என்றது.

பொட்டுவுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.