சீட்டாட்ட செல்மானின் திதி

“நௌம், இது நியாயமா? அக்காவையும் தம்பியையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி வச்சிருக்கீங்களே!”

ஜெபாலய வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் நெலிதா. கமிட்டித் தலைவி, ஓய்வுபெற்ற டீச்சர். குரலில் இன்னும் பிரம்பு இருந்தது.

“சொல்லிட்டேனா? அடக் கடவுளே!” என்று தலையைச் சொறிந்தார் நௌம்.

எந்த்ரே ரியோஸ் மாகாணத்துச் சின்ன ஊர் அது. யூதக் குடும்பங்களே முப்பதுதான். எந்த வீட்டுப் பெரியவருக்கு எப்போது திதி என்று கணக்குப் பார்த்துச் சொல்வது எழுபத்தெட்டு வயது நௌம்தான். நிலாக் கணக்கு, இந்த வருடம் அதிக மாதம் வேறு. ஐம்பது வருடத்தில் ஒரு திதிகூடத் தப்பியதில்லை என்று மார்தட்டிக்கொள்வார்.

உள்ளே சாரிதா கேக்கோடு ஒரு மூலையில், அவள் தம்பி ஹைமே மது பாட்டிலோடு எதிர் மூலையில்.

இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. எல்லாம் அப்பா செல்மானின் கல்லறைக் கல்லால் வந்த வினை. ‘நேர்மையான மனிதர்’ என்று பொறிக்க வேண்டும் என்றாள் அக்கா. ‘சீட்டாட்டத்துல ஊரையே ஏமாத்தினவருக்கா? படிச்சா அவரே சிரிப்பார்’ என்றான் தம்பி. கல்லில் இன்றும் பெயர் மட்டும்தான். திதி முதல் நாள் மாலையே தொடங்கிவிடும்; தம்பி அப்போதே வந்துபோவான். அக்கா மறுநாள் காலை வருவாள்.

“நான் கிளம்பறேன்” என்றான் ஹைமே.

“போறவங்க போகட்டும்” என்றாள் சாரிதா, சுவரைப் பார்த்து.

நௌம் ஹைமேயை விட்டுவிட்டு மற்ற ஆண்களை நோக்கி விரலை நீட்டினார். ஆட்களை நேராக எண்ணக் கூடாது என்பது யூதர் வழக்கமாயிற்றே! “ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல…” என்று போய், “ஒம்பது இல்ல” என்று நின்றார்.

“ஹைமே போயிட்டா பத்து ஆம்பளை தேற மாட்டோம். செல்மானுக்கு இன்னைக்கு ஜெபம் கிடையாது.”

ஹைமே கதவில் கை வைத்துவிட்டான்.

“டேய்…” சாரிதா சுவரிலிருந்து திரும்பினாள். “அப்பாவுக்காக இருடா.”

இருந்தான். ஜெபத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். கேக் கைமாறியது, பாட்டில் திறந்தது.

“அக்கா, அப்பா சீட்டை எங்க ஒளிச்சு வைப்பார் தெரியுமா?”

“தொப்பிக்குள்ள! உள்ளே பை தைச்சுக் கொடுத்ததே நான்தானே!”

கூடமே சிரித்தது. அதிகம் சிரித்தது செல்மானிடம் தோற்றவர்கள்தான். அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டே ஒன்றாக வெளியே போனார்கள்.

நெலிதாவுக்கும் மனம் குளிர்ந்தது. ஆனாலும் டீச்சர் புத்தி விடுமா? திதி நோட்டைப் புரட்டினாள்.

“நௌம்! செல்மான் திதி அடுத்த வியாழக்கிழமை! நேரம் தப்பினது போதாதுன்னு நாளையே கோட்டை விட்டிருக்கீங்க. இனிமே இந்த நோட்டை வேற யார்கிட்டயாவது கொடுத்துட வேண்டியதுதான்.”

நௌம் மாத்தே பானத்தை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

“மெதுவா, டீச்சரம்மா. நாள் எனக்குத் தெரியும். வழக்கமா பத்தாவது ஆளா வர்ற பேக்கரி இசாக்கை இன்னைக்கு வராதேன்னு சொன்னதும் நான்தான். அப்பா திதி அன்னைக்கே ரெண்டும் முறைச்சுக்கிட்டு நிக்க வேண்டாமேன்னு ஒரு வாரம் முன்னாடி கூப்பிட்டேன். வியாழக்கிழமை சேர்ந்தே வரட்டும்.”

நெலிதா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“மறுபடியும் எதுக்குக் கூப்பிடறீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“கிழவனுக்குக் கணக்குத் தப்பிடுச்சும்பேன். நீங்களே நம்பிட்டீங்க, அவங்க நம்ப மாட்டாங்களா?”