பொக்கெற்றுக்குள்ளை ஒரு கை

“தம்பி, உமக்கு வலக்கையிலை ஏதும் சுகமில்லையோ?”

எங்கடை வேலையளை மேற்பாக்கிற டிலக்ஷி அக்கா பின்மேசையிலையிருந்து கேட்ட கேள்வியிலை ஒவ்வீஸ் முழுக்கத் திரும்பிப் பாத்தது.

தனோஜன் கொம்பியூட்டரிலை கேம் விளையாடிக்கொண்டிருந்தான். இடக்கையாலை. வலக்கை காற்சட்டைப் பொக்கெற்றுக்குள்ளை.

“இல்லை அக்கா, கை நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப அதை வெளியிலை எடுத்து வேலையைச் செய்யும்.”

“இதுதான் அக்கா வேலை,” எண்டான். அந்த நேரம் பாத்து அவன்ரை வீரன் மூண்டாந்தரமும் கிணத்துக்குள்ளை விழுந்து செத்தான்.

எங்களுக்குச் சிரிப்பு. அக்காவுக்குக் கொதி.

நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு இன்ரநெற்றிலை கேம் விக்கிற ஆக்கள். கடையிலை முன்னூறு கேம் கிடக்கு. தேடி எடுக்கேலாமல் கிடக்கெண்டு வாறவை எல்லாம் ஒரே முறைப்பாடு. அதுக்குத்தான் இப்ப பில்ரர் செய்யிறம். மா அரிக்கிற எங்கடை அரிதட்டு மாதிரித்தான். கார் ஓட்டம் வேணும், ரத்தம் வேண்டாம், ரெண்டு பேர் சேர்ந்து விளையாட வேணும் எண்டு வாறவர் தன்ரை விருப்பத்துக்குப் பெட்டியளிலை ரிக் பண்ணினால், மிச்சமெல்லாம் மறைஞ்சுபோகும். வெள்ளிக்கிழமை அது வேலை செய்ய வேணும் எண்டு முதலாளி லெனாட் அண்ணை ஒற்றைக் காலிலை நிக்கிறார்.

எந்தக் கேம் எந்தப் பெட்டிக்குள்ளை வரும் எண்டு பாக்கச் சொல்லி, கேமுகளை ஆளாளுக்குப் பிரிச்சுத் தந்தது. நாங்கள் விபரத்தை வாசிச்சு ரிக் பண்ணி நாலு நாளிலை முடிச்சிட்டம். நீர்வேலியிலையிருந்து புதுசாய் வந்த தனோஜன் மட்டும் ரெண்டு கிழமையாய் ஒவ்வொண்டாய் விளையாடுறான். சரி, விளையாட்டாவது வருகுதோ? அதுவும் இல்லை.

“தோக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிற ஒரே ஒவ்வீஸ் எங்கடைதான்,” எண்டான் கோகுலன்.

“கடவுள் ரெண்டு கையும் வடிவாய்க் குடுத்திருக்கிறார். ஒண்டைப் பொக்கெற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு ராசா விளையாடுறார். கொழுப்பு!” எண்டு அக்கா புறுபுறுத்தா.

லெனாட் அண்ணை எட்டிப் பாத்தார். “டிலக்ஷி, உவனைப் பழகப் போட்ட மூண்டு மாசம் வெள்ளிக்கிழமையோடை முடியுது. வைச்சிருப்பமோ, அனுப்புவமோ? நீர்தான் சொல்ல வேணும்.”

“சொல்லுறன் அண்ணை,” எண்டா அக்கா. சொன்ன விதத்திலையே எங்களுக்கு விளங்கிப்போச்சு.

மத்தியானம் சாப்பிடேக்கை அக்கா வழமை போலை வீட்டை போன் எடுத்தா. அவவின்ரை மனுசன் குருநகர் ஆள். கடலுக்குப் போறதை விட்டு ஒரு வருஷமாகுது. ஏன் எண்டு அக்கா கதைக்கமாட்டா, நாங்களும் கேக்கிறேல்லை. ஆளுக்குப் பொழுதுபோக வேணுமெண்டு எங்கடை கடையிலை மாசம் ஒரு கேம் வாங்கிக் குடுக்கிறவ.

“என்னப்பா, புதுசை விளையாடினீங்களே? சோக்கோ? அப்ப அதின்ரை ரெண்டாம் பாகத்தையும் வாங்கிக்கொண்டு வாறன்.”

போனை வைக்கேக்கை முகம் முழுக்கச் சந்தோஷம். தனோஜன்ரை மேசையைக் காணுமட்டும்தான் அது இருந்தது. வலக்கை திரும்பவும் பொக்கெற்றுக்குள்ளை.

“இஞ்சை பாரும். உது ஆருக்காகச் செய்யிறீர்?”

“ஒரு கஸ்ரமருக்காக அக்கா.”

“ஆர் அவர்?”

“சொல்லேலாது.”

“சொன்னால் இருக்கலாம். சொல்லாட்டில் வெள்ளிக்கிழமையோடை வீட்டை போகலாம்.”

வீட்டிலை என்ன கிடக்கு? தேப்பன்ரை வாழைத்தோட்டம் போன மாசக் காத்திலை அப்பிடியே சரிஞ்சுபோச்சு. இப்ப இவன்ரை சம்பளத்திலைதான் அடுப்பு எரியுது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

தனோஜன் கேமை நிப்பாட்டினான்.

“அப்ப போறன் அக்கா.”

எனக்குப் பொறுக்கேல்லை. “சொல்லித் துலையனடா விசரா!” எண்டன்.

“கஸ்ரமராவது கத்தரிக்காயாவது! முழுப் பொய்.” அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைக்கு வந்த கடிதங்களை அவன்ரை கொம்பியூட்டரிலையே திறந்தா. அதுகளுக்குப் பதில் போடுறது தனோஜன்ரை வேலை. அக்கா ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்லை.

“அக்கா, உதைத் திறவாதேங்கோ!” தனோஜன் துள்ளி எழும்பினான்.

அது போதாதே அக்காவுக்கு? ரெண்டு கிழமைக்கு முந்தி வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அவன் நட்சத்திரம் போட்டு வைச்சிருந்தான். அதைத் திறந்தா.

“எல்லாரும் கேளுங்கோ,” எண்டு உரத்து வாசிக்கத் தொடங்கினா.

“‘தம்பி, வாறவை தங்கடை விருப்பத்துக்கு கேம் தெரிவு செய்யிற மாதிரி பில்ரர் செய்யிறியளாம். அதிலை ஒற்றைக் கையாலை விளையாடக்கூடியதுகளுக்கும் ஒரு பெட்டி வைக்கேலுமோ? வலை இழுக்கிற மெசினுக்குள்ளை அம்பிட்டு என்ரை வலக்கை...’”

அக்காவின்ரை சத்தம் நிண்டுபோச்சு.

மிச்சத்தை அவவின்ரை தோளுக்கு மேலாலை நான்தான் வாசிச்சன்.

‘மனுசி மாசாமாசம் ஆசையாய் ஒண்டு வாங்கித் தாறா. ஒண்டும் எனக்கு விளையாட ஏலாது. நல்லாயிருக்கெண்டு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறன். உண்மை தெரிஞ்சால் உடைஞ்சுபோவா. அவவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. உங்கடை பின்மேசையிலை இருந்து உங்களை ஏசிக்கொண்டிருப்பாவே, அவதான்.’