போன வருஷத்து ராஜா

ரெசிஃபே நகரத்திலிருந்து பொமெரோடே என்ற சிற்றூரைச் சுற்றிப் பார்க்க வந்த ஜண்டீரா, எடல்ட்ராவுட் என்ற அம்மாளின் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். வாசல் சுவரில், குண்டு துளைத்த மூன்று குறிப்பலகைகள் தொங்கின. மூன்றிலும் ‘ராஜா ஒட்டோமார்’ என்று எழுதியிருந்தது.

“உங்க வீட்டுக்காரர் பெரிய சூரர்தாம்மா.”

“சூரரா? உயிரோட இருந்தவரைக்கும் ஒரு குண்டுகூட நடுவுல பட்டதில்ல. செத்து நாலு வருஷமாச்சு. வருஷா வருஷம் துப்பாக்கிச் சங்கத்துப் போட்டியில ஆளுக்கு ஒரு குண்டுன்னு பதினோரு பேர் சுடுறாங்க, பலகையில பன்னெண்டு ஓட்டை. நடு ஓட்டை அவரோட பழைய துப்பாக்கிக் குண்டு அளவு. ஜெயிச்சவர்தான் அந்த வருஷத்து ராஜா, அவர் வீட்டுலதான் விருந்தாம், சங்கத்துச் சட்டம்! மூணு வருஷமா ஊருக்கே வாத்துக்கறி ஆக்கிப் போட்டு என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.”

அந்தச் சனிக்கிழமை நடந்த போட்டியில் எடல்ட்ராவுட்டே போய்ச் சுட்டாள். குண்டு நட்ட நடுவில் பாய்ந்தது. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் சுட்டிருந்தார்கள். பன்னிரண்டே ஓட்டைகள்தான் இருந்தன.

புது ராணியைப் போன வருஷத்து ராஜா வீட்டுக்கே வந்து, கைகோத்து அழைத்துப் போக வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். போன வருஷத்து ராஜாவோ ஒட்டோமார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாத்தியக்குழு தெருவில் வந்து நின்றது. கதவு தட்டும் சத்தம் கேட்டு ஜண்டீரா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. எடல்ட்ராவுட் கதவைத் திறந்தாள்.

“ஒன்பது மணின்னா ஒன்பதரை! செத்தும் இந்தப் புத்தி போகல. முதல்ல அந்தத் தொப்பியை நேராப் போடுங்க.”

முழங்கையை மடக்கி நீட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள். வாத்தியக்காரர்கள், இரண்டு பேர் போகிற அளவுக்கு வழிவிட்டார்கள்.