கண்ணில் படாத இதயம்

“கேபிளை மாட்டினேன், பட்டனை அமுக்கினேன், எல்லாம் பண்ணிட்டேன். ஆனா உள்ளே போய்ப் பார்த்தா இதயத்தைக் காணோம்!”

டாக்டர் ஹாலிஸ் ப்ரூக்மன், கண்முன்னே நிஜம் போலக் காட்சி காட்டும் வி.ஆர். ஹெட்செட்டைக் கழற்றினார். நெற்றியில் பட்டையின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. இதய அறுவை சிகிச்சைக்கு மில்வாக்கி நகரம் முழுவதும் பெயர் பெற்றவர், இந்தக் கறுப்புப் பெட்டியிடம் தோற்றுப்போய் நின்றார்.

“வேற என்னதான் இருக்கு உள்ளே?” என்று கேட்டாள் டெல்லா ரஸ்முசன்.

“மீன் பிடிக்கிற விளையாட்டு ஒண்ணு இருக்கு. அது மட்டும் ஜோரா இருக்கு.”

டெல்லா சிரித்தாள். விளையாட்டு மென்பொருள் கம்பெனி ஒன்றில், இந்த மாதிரி ஹெட்செட்டுகளோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுடைய வேலை. இன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

“மீன் விளையாட்டு கடையில வாங்கினது டாக்டர், அதனால முன்னாடியே வந்து நிக்கும். உங்க இதயம் வெளியிலேர்ந்து நேரா ஏத்துறது. அது கொஞ்சம் கூச்சப்படும். லேப்டாப்பை இப்படிக் கொடுங்க.”

இன்றைக்கு ஆபரேஷன் செய்ய வேண்டிய நோயாளியின் ஸ்கேன் படங்களைக் கொண்டு, உள்ளே புகுந்து பார்க்கும்படி அந்த இதயத்தைக் கணினி உருவமாகச் செய்து அனுப்பியிருந்தார்கள் மாடிசன் நகரப் பொறியாளர்கள். அதை ஹெட்செட்டில் ஏற்றித் தர வேண்டிய ஆள் நெடுஞ்சாலைப் பனியில் மாட்டிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஏரிக்காற்று பனியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

“விடுங்க டெல்லா. ஸ்கேன் படம் கையில இருக்கு. அதை வச்சே பண்ணிடுவேன். இந்த மாதிரி எத்தனையோ ஆபரேஷன் பண்ணியிருக்கேன்.”

“பண்ணியிருப்பீங்க. இந்த இதயத்தைப் பண்ணினதில்லையே!”

டாக்டர் லேப்டாப்பை அவளிடம் நீட்டினார்.

டெல்லா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கேபிளை உருவிப் பார்த்தாள். “முதல் கோளாறு இதுதான். இது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள். இதுல இதயம் எப்படிப் போகும்? என் பையில வேற இருக்கு, அதை எடுங்க.”

டாக்டர் எடுத்துக் கொடுத்தார். அவள் மாட்டினாள். “இப்ப ஹெட்செட்டைப் போட்டுக்குங்க. ஏதாவது கேக்குதா?”

“இந்தக் கம்ப்யூட்டரை உள்ளே விடலாமான்னு கேக்குது.”

“முன்னாடியும் கேட்டிருக்குமே? என்ன பண்ணினீங்க?”

“வேண்டாம்னு சொன்னேன். தெரியாதவங்களை எதுக்கு உள்ளே விடணும்?”

“நல்ல ஆளு போங்க! கதவைச் சாத்திட்டு விருந்தாளி வரலைன்னா எப்படி? சரின்னு சொல்லுங்க.”

லேப்டாப்பில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. “ஏறிடுச்சு. பாருங்க.”

டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். “இல்லையே. மீன்தான் இருக்கு.”

அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். அப்போதும் மீன்தான். டாக்டர் ஹெட்செட்டைக் கழற்றப் போனார்.

“கழட்டாதீங்க!” என்றாள் டெல்லா. குரலில் பதற்றம் இல்லை, ஆனால் கண்டிப்பு இருந்தது. “ஏறினது எனக்குத் தெரியும். உள்ளேதான் இருக்கு. ஆப்கள் பக்கத்துல, மேல் மூலையில ‘எல்லாம்’னு ஒரு பெட்டி இருக்கா? அதைத் தொடுங்க. கீழே இறங்குங்க. ‘தெரியாத இடத்திலிருந்து வந்தவை’ன்னு ஒண்ணு இருக்கும்.”

“இருக்கு.”

“திறங்க.”

டாக்டரின் வாய் திறந்தது. கைகளை முன்னே நீட்டி, எதையோ விலக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி மெதுவாக ஓரடி எடுத்துவைத்தார்.

“அடேயப்பா… உள்ளே நிக்கிறேன் டெல்லா. சுவர் துடிக்குது!”

“போற வழி தெரியுதா?”

“தெரியுது. வலது பக்கமா வந்து… இருங்க, இருங்க. இதென்ன?” அவர் குனிந்தார், நிமிர்ந்தார், பக்கவாட்டில் சாய்ந்தார். “நான் வெட்டலாம்னு வச்சிருந்த இடத்துக்குக் குறுக்கே ஒரு ரத்தக்குழாய் ஓடுது. படத்துல பின்னாடி இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது.”

“அதை வெட்டியிருந்தா?”

“வெட்டியிருக்கக் கூடாது,” என்று மட்டும் சொன்னார் டாக்டர். “இடது பக்கமாத்தான் போகணும். அந்தப் பக்கம் தாராளமா வழி இருக்கு.”

டெல்லா கேபிளை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: “அப்ப முடியுமா, டாக்டர்?”

“சந்தேகமே இல்லை. இனிமே கண்ணை மூடிக்கிட்டே போவேன்.”

“அதெல்லாம் வேண்டாம், திறந்துக்கிட்டே போங்க. எதுக்கும் இன்னொரு தடவை போய்ட்டு வந்துடுங்க.”

அவர் போனார். இரண்டாம் முறை எங்கும் தயங்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றியபோது அவர் முகத்தில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது.

கதவு திறந்தது. சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் யோலாண்டா உள்ளே வந்தாள். “ஆபரேஷன் தியேட்டர் தயார் டாக்டர். கூட்டிட்டுப் போகலாமா?”

டாக்டர் வாயைத் திறக்கும் முன் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, தானே அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள் டெல்லா.

“போகலாம் யோலாண்டா. என் இதயத்துக்குள்ளே எப்படிப் போகணும்னு இப்பதான் இவருக்குத் தெரிஞ்சிருக்கு, மறக்கறதுக்குள்ள தள்ளுங்க!”