மேகம்: பத்து சதவீதத்துக்குக் கீழ்

திரையில் ஒரு கறுப்புத் திட்டு விரிந்தது.

பின்வரிசையில் உச்சுக் கொட்டினார்கள். கண்மாய் கருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

"கறுப்புதாங்க தண்ணி," என்றாள், செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து சொல்பவள்.

ஆட்சியரின் கூட்ட அரங்கில் நாற்பது பேர். பாதிப் பேர் கீழச்செம்பனேந்தல் கண்மாய்ப் பாசனக்காரர்கள். நீர்நிலைப் பட்டியலிலிருந்து கண்மாயை எடுத்துவிட்டால் அங்கே தொழிற்பேட்டை வரும். எடுப்பதா வேண்டாமா என்று இன்று தெரிந்துவிடும்.

அவள் படங்களைத் தள்ளினாள்.

நவம்பர். கறுப்பு.

டிசம்பர். இன்னும் பெரிய கறுப்பு.

எட்டு வருடப் படங்கள். ஒரு வருடமும் தப்பவில்லை. ராடார் செயற்கைக்கோள் எடுத்தவை. மேகத்தை அது ஒரு பொருட்டாகவே மதிக்காது; ஊடுருவிப் பார்க்கும், தண்ணீரைக் கறுப்பாகக் காட்டும்.

தொழிற்பேட்டையின் ஆலோசகர் எழுந்தார். கையில் ஒரு பழைய அறிக்கை.

"சார், இதுவும் செயற்கைக்கோள் படத்த வச்சு எழுதினதுதான். எட்டு வருஷமா பொட்டுத் தண்ணி இல்லன்னு இருக்கு. எழுதினவங்களக் கூப்பிட்டுக் கேளுங்க."

ஆட்சியர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கையெழுத்தைப் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நான்தான் சார் எழுதினேன்."

ஆலோசகர் உட்கார மறந்து நின்றார்.

தப்பு எங்கே நடந்தது என்று அவளே சொன்னாள்.

பழைய அறிக்கைக்கு எடுத்தவை சாதாரணக் கேமராப் படங்கள்; மேகம் மறைத்தால் தரை தெரியாது. கணினியில் அவற்றைத் தேடும்போது நிரப்ப ஒரு கட்டம் வரும். மேகம் எத்தனை சதவீதம் இருக்கலாம்? பத்துக்குக் கீழ் என்று போடுவார்கள். எல்லோரும் போடுவார்கள். அவளும் போட்டாள். கணினி சொன்ன பேச்சைக் கேட்டு ஏப்ரல், மே படங்களாக எடுத்துக் கொடுத்தது. எல்லாம் பளிச்சென்று இருந்தன. கண்மாய் வெடித்துக் கிடந்தது. பின்னே, சித்திரை வெயிலில் நிரம்பியா இருக்கும்?

இதைக் கண்டுபிடித்தது அவள் இல்லை.

போன மார்கழியில் முழங்கால் வரை சேறோடு பஞ்சவர்ணம் அவளுடைய அலுவலகத்துக்கு வந்தாள். கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நெல் போட்டிருப்பவள். அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள்.

"மானம் கறுத்தாத்தான தாயி எங்களுக்குத் தண்ணி. நீங்க வெளுத்த மானமாப் பாத்துப் படம் எடுத்தீகளாக்கும்."

அன்று மதியமே அறிக்கை எழுதியவள் மழைக்காலத்து ராடார் படங்களைத் தேட உட்கார்ந்தாள்.

ஆட்சியர் பழைய அறிக்கையையும் அவள் இன்று கொடுத்த புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதன் குறுக்கே பச்சை மையில் ஒரு கோடு இழுத்தார்.

"கண்மாய் கண்மாயாவே இருக்கட்டும்."

பின்வரிசையில் நாற்காலிகள் சரிந்தன. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு மகிழ்ச்சியில் கால் தரையில் பாவவில்லை. தோற்றதும் அவள்தான், ஜெயித்ததும் அவள்தான்.

பஞ்சவர்ணத்தோடு வெளியே வந்தபோது மாலை ஆறு. வானம் முழுக்க மேகம். மணியைப் பார்த்தாள்.

"இப்ப அந்தச் செயற்கைக்கோள் நம்ம தலைக்கு மேலதான் போகுதுக்கா."

பஞ்சவர்ணம் அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"அதுக்கு நம்மளத் தெரியுமா தாயி?"

"ஆளு தெரியாதுக்கா. தண்ணி தெரியும்."

முதல் துளி பஞ்சவர்ணத்தின் நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

"அது போதும்."